கோப்பைக்கு முன்னால் பாடியவன்

நாட்டு அணி களத்தில் இறங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நெவில் சோப்பர் கோழிக்கூட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். ஆறடி இரண்டங்குல உயரம், நூற்றுப் பத்து கிலோ எடை. கூட்டின் கூரை நாலரை அடி. தீவன வாளியைக் கவிழ்த்து அதன்மேல் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தால் ரக்பி ஆட்டம் முடியும் வரை எண்பது நிமிடமும் வாயைத் திறக்கமாட்டான். ரேடியோ கிடையாது. முணுமுணுப்புக்கூடக் கிடையாது. முடிந்ததும் ரேவின் என்ற அவன் மனைவி துணி காயப்போடும் கொடியில் ஒரு துண்டைத் தொங்கவிடுவாள். வெள்ளைத் துண்டு என்றால் ஜெயித்தாயிற்று. கோடு போட்டது என்றால் தோற்றாயிற்று. துண்டைப் பார்த்த பிறகுதான் வெளியே வருவான், சட்டையெல்லாம் இறகோடு.

ஒன்பது வருடம் இப்படி. நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்தவன். இறைச்சித் தொழிற்சாலையில் ஆடுகள் தொங்கி வரும் சங்கிலியில் அவன் கத்திக்கு அடுத்த கத்தி என்னுடையது. ஊர் ஹாலில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கூடும் கன்ட்ரி பாட்டுக் கிளப்பில் அவன் கிட்டார், நான் பேஸ் கிட்டார். யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம், ஆளுக்கு இரண்டு பாட்டு. பெண்கள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு தட்டு கொண்டு வருவார்கள். சீஸ் ரோலும் தேநீரும் தீரும் வரை பாட்டு நடக்கும். அவ்வளவுதான் எங்கள் கிளப்.

நெவில் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. பாடினால் ஹாலின் தகரக் கூரை அதிரும். நாய் செத்தது, டிராக்டர் புதைந்தது, மாமியார் மழையில் வந்து இறங்கியது, எல்லாவற்றையும் பாட்டாக்குவான். ஒரு உலகக் கோப்பை வருடம் நாட்டு அணியின் கறுப்புச் சட்டைக்காரர்கள் மேல் ஒரு பாட்டு எழுதினான். தப்பு அதுவல்ல. கோப்பையை ஜெயித்துக் கொண்டுவந்தாயிற்று என்று எழுதினான். இறுதி ஆட்டம் முடிந்த மறுநாள் காலை ஊர் முழுக்கக் கேட்க வேண்டும், அப்போது உட்கார்ந்து எழுதினால் ஆறிப்போகும் என்று முன்கூட்டியே தயார் பண்ணினான்.

*கோப்பை வந்தாச்சு, கேட்டத் தொறங்க,*
*கெட்டில அடுப்புல ஏத்தி வைங்க,*
*கறுத்த சட்ட வீடு வருது,*
*தூங்குற அம்மாவ எழுப்பி வைங்க.*

ஹாலில் கதவைச் சாத்திக்கொண்டு டேப்பில் பதிந்தோம். நல்ல பாட்டு. நானும் அன்றைக்கு அப்படித்தான் சொன்னேன், இல்லையென்று இப்போது சொல்லப்போவதில்லை. டேப்பைக் கிளப்பின் தலைவி நோலீன் ஸ்ட்ராங்கிடம் கொடுத்தோம். அவள் அதைப் பெருமையில் ரேடியோ நிலையத்தில் வேலை பார்த்த தன் அக்காள் மகனிடம் கொடுத்து, "ஆட்டம் முடியுற வரைக்கும் போட்றாதடா" என்றாள். அவன் ஆட்டத்துக்கு முந்தைய நாள் மத்தியானமே போட்டுவிட்டான்.

எங்கள் பக்கத்தில் ஜெயிப்போம் என்று யாரும் சொல்வதில்லை. சந்தையிலேயே உயர்ந்த ஆட்டுக்குட்டி வைத்திருப்பவனிடம் கேட்டாலும் "மோசமில்ல" என்பான். இறுதி ஆட்டத்தைப் பற்றி அதிகபட்சம் "ஆடுவாங்க, பாப்போம்" என்பார்கள். அப்படிப்பட்ட ஊரில், பால் கறக்கும் கொட்டகையிலும் ரோமம் வெட்டும் கொட்டகையிலும் நெவிலின் குரல் கோப்பை வந்தாச்சு என்று கத்தியது. கேட்டவர்கள் கையில் இருந்த வேலையை நிறுத்தினார்கள். எங்கள் வீட்டில் என் மனைவி ரேடியோவை அணைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

மறுநாள் தோற்றார்கள்.

திங்கட்கிழமை சங்கிலி ஓடத் தொடங்கியது. முதல் ஆடு தலைகீழாக வந்தது. அதன் முதுகு ரோமத்தில் குறி போடும் நீலச் சாயத்தால் தோற்ற ஆட்டத்தின் புள்ளிக் கணக்கை எழுதியிருந்தார்கள். அடுத்த ஆட்டின் முதுகிலும் அதே கணக்கு. அதற்கடுத்ததிலும். பட்டியில் ஆடு ஏற்றிவிடும் ஹெமி ருருவின் வேலை அது. காலை தேநீர் மணி அடிக்கும் வரை முந்நூறு ஆட்டுக்கு மேல் அந்த எண்களைச் சுமந்துகொண்டு நெவிலை நோக்கி வந்தன. தளம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். நெவில் சிரிக்கவில்லை. இரண்டாவது மணி நேரத்தில் இடது கட்டைவிரலை எலும்பு வரை அறுத்துக்கொண்டான்.

தேநீர் அறையில் ஹெமி வந்து, "என்னடா நெவ், அடுத்த பாட்டு எப்போ? சொல்லிட்டுப் பாடு, நான் எங்க மாமா ஊருக்குப் போயிடறேன்" என்றான்.

"நான் வேணும்னா பண்ணேன்?"

"வேணும்னு பண்ணியிருந்தா இவ்வளவு சுத்தமா நடந்திருக்காதுடா."

ஒரு வாரம் வீட்டுத் தொலைபேசி அடிக்கும். எடுத்தால் பேச்சு இருக்காது, யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்கும். தபால் பெட்டியில் அறுந்த கிட்டார் தந்தி ஒன்று சுருட்டிக் கிடந்தது. கேலிதான், அடிதடி இல்லை. ஊர் ஒரு மாதத்தில் மறந்தது. நெவில் மறக்கவில்லை. ஊர் சொன்னதை அவன் நம்பிவிட்டான். தன் வாயில் ஏதோ இருக்கிறது, தான் முந்திக்கொண்டு பாடினால் நடக்க வேண்டியது நடக்காது என்று அவனுக்குள் உட்கார்ந்துவிட்டது. கிட்டாரைத் துணி அலமாரிக்குள் தள்ளினான். அடுத்த வருடம் ஆட்ட நாளன்று லாரி ஓட்டிக்கொண்டே தெரியாமல் ஏதோ சீட்டி அடித்திருக்கிறான், அன்றைக்கும் தோல்வி. அதற்குப் பிறகுதான் கோழிக்கூடு.

அவனுக்கு ஒரே பெண், ஷோனா. அப்பனின் தோள், அம்மாவின் வாய். எங்கள் ஊர்ப் பெண்கள் அணியில் முன்வரிசையில் ஆடினாள். ஸ்க்ரம் என்று எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலை கோத்துத் தள்ளும்போது எல்லார் பாரமும் இறங்குவது முன்வரிசைக் கழுத்தில். ஹெமியின் தம்பி அங்கே ஆடியவன்தான். இருபத்திரண்டு வயதில் ஸ்க்ரம் சரிந்து கழுத்து முறிந்தது. இன்றைக்கும் சக்கர நாற்காலியில், மோவாயால் விசையைத் தள்ளி நகர்த்திக்கொண்டு கடைத்தெருவுக்கு வருவான். அவன் எதிரே வந்தால் நெவில் நின்று பேசுவான், ஆனால் அவன் கழுத்தைப் பார்க்கமாட்டான்.

போன குளிர்காலத்தில் ஷோனாவை நாட்டுப் பெண்கள் அணிக்கு எடுத்தார்கள். இரண்டு ஆட்டம், முதலாவது இன்வர்கார்கிலில், அடுத்தது டனீடனில். எங்கள் ஊரிலிருந்து ஒருத்தி கறுப்புச் சட்டை போடுவது அதுதான் முதல் தடவை. நோலீன் உடனே ஞாயிற்றுக்கிழமை ஹாலில் வழியனுப்பு என்று அறிவித்தாள். அறிவித்த அன்று சாயங்காலம் நெவில் வீட்டுச் சமையலறையில் நானும் இருந்தேன். ஷோனா ஆட்டிறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, எனக்கு ஒரு பாட்டு வேணும்."

நெவில் சாஸ் பாட்டிலை மேசையில் வைத்தான். "நோலீன் பாடுவா."

"நோலீன் பாடினா ஆடே ஓடிப்போயிடும். நீ பாடு."

"நான் விட்டுட்டேம்மா."

"ஒரு ஆட்டம் தோத்ததுக்கு ஒம்பது வருஷம் கோழியோட குடியிருக்க. ஊர்ல என்னக் கேக்கறாங்க, உங்கப்பா முட்ட போடறாரான்னு."

ரேவின் சிரித்துவிட்டாள். நெவில் எழுந்து பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்கழுத்து வேர்த்திருந்தது. வெளியே பனி உருகாத குளிர்.

"ஷோனா, அன்னிக்கு ஆட்டம் போச்சு, அவ்வளவுதான். இப்ப போனா..." தன் கழுத்தைத் தடவினான்.

ஷோனா மெல்லுவதை நிறுத்தினாள். "அதுக்குத்தான் பயப்படறியா?"

"வேற எதுக்கு."

"அப்ப என் கண்ணப் பாத்து மாட்டேன்னு சொல்லு. சொன்னா விட்டுடறேன்."

அவளுக்கு மாட்டேன் என்று சொன்ன பழக்கம் அவனுக்கு இல்லை.

மூன்று நாள் சங்கிலியில் அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தான். கிட்டாரில் தூசி. "ரெக்ஸ், ஒரு வழி கெடச்சிருக்கு. கேளு" என்று மெல்லப் பாடிக் காட்டினான். எனக்கு மயிர் கூச்செறிந்தது.

"டேய், இதப் பாடினா உன்ன ஹாலுக்கு வெளியில தூக்கிப் போடுவாங்க."

"போடட்டும். நான் பாடினா தலகீழா நடக்கும். அப்ப தலகீழாப் பாடிட்டா?"

"தலகீழாப் பாடினா ஜெயிப்பாங்கன்றியா?"

"ஜெயிக்கறத யாரு கேட்டா? பாட்டுல அவ முழுசா வீட்டுக்கு வரா. தோத்துட்டேன்னு சொல்லிட்டு வரா. தோத்துட்டு வர்றவ மேல யாரு கண்ணும் படாது."

இதில் என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. அவன் கண்ணைப் பார்த்த பிறகு கேட்கவும் தோன்றவில்லை.

ஞாயிறு மத்தியானம் ஹால் நிறைந்திருந்தது. ஹெமி தம்பியை நாற்காலியோடு முன்வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினான். நெவில் மேடை ஏறினதும் சலசலப்பு அடங்கியது. பின்னாலிருந்து ஒருவன், "பாத்து பாடுடா, இன்னும் ஆறு நாள் இருக்கு" என்றான். யாரும் சிரிக்கவில்லை. நெவில் மைக்கைத் தன் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தினான். நான் ஜி சுரத்தில் ஆரம்பித்தேன்.

*தோத்துத் திரும்பினேன், சூப்பு இருக்கா அம்மா?*
*பூட்ஸ் நெறயச் சேறு, போகட்டும் சும்மா.*
*கையி ரெண்டும் இருக்கு, காலு ரெண்டும் இருக்கு,*
*கழுத்து மேல தல வச்ச எடத்துல இருக்கு.*

முடிந்தது. கைதட்டல் இல்லை. சுடுதண்ணீர்ப் பானை கொதிக்கும் சத்தம் மட்டும். நோலீன் வாயில் கை வைத்திருந்தாள். வழியனுப்பு மேடையில் நாட்டு அணி தோற்றதாகப் பாடியவன் உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டான். ஷோனா எழுந்து மேடைக்கு வந்து அப்பனைக் கட்டிக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் நாலு பேர் தட்டினார்கள். அவள் அவன் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. "படுபாவி, இதுக்கா ஒம்பது வருஷம் அடக்கி வச்ச?"

ஆட்ட நாளன்று நெவில் கோழிக்கூட்டுக் கதவைத் திறந்துவிட்டான். ரேவின் கார்ச் சாவியோடு அங்கேயே நின்றாள். "அந்தக் கூட்டுக்குள்ள ஒரு கால வச்சேன்னா இந்தக் கதவ வெளியில பூட்டிட்டு நான் மட்டும் போவேன்." இழுத்துக்கொண்டு வந்தாள்.

அரங்கில் நெவிலுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் ஹெமி. தெற்கிலிருந்து கடல் காற்று, ஊசியாக மழை. ஷோனா பதிலாள். அறுபதாவது நிமிடம் உள்ளே அனுப்பினார்கள். நெவில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். முதல் ஸ்க்ரம் நின்றது. இரண்டாவது நின்றது. மூன்றாவது, ஷோனா இருந்த பக்கமாக அப்படியே மடிந்து சரிந்தது.

நடுவர் ஊதினார். மேலே கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அடியில் ஒரு கறுப்புச் சட்டை அசையாமல் கிடந்தது. எண் பதினேழு. ஷோனாவின் எண்.

மருத்துவப் பெண் ஓடினாள். நெவில் எழுந்திருக்கவில்லை, கத்தவில்லை. வாய் திறந்திருந்தது, மூச்சு உள்ளே போகவில்லை. முகம் சாம்பல் நிறமாகிக்கொண்டே வந்தது. ஹெமியும் அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகமும் நன்றாக இல்லை. ஒருமுறை இதைப் பார்த்தவன் அவன். இருந்தும் நெவிலின் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டான்.

"மூச்சு விடுடா நெவ். மூச்ச விடுடா எருமை!"

"கால பாருடா... ஹெமி, நீ பாத்து சொல்லு. என்னால முடியல. காலு அசையுதா?"

"இரு."

"அசையுதாடா?"

"இருடா!" ஹெமியின் விரல்கள் நெவிலின் முதுகுக்குப் பின்னால் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தன. அவனுக்கே தெரியாது. என் கை ஐந்து நாள் நீலம் பூத்திருந்தது. "அசையுது. வலது காலு. ரெண்டும். எந்திரிக்கறாடா. எந்திரிச்சு யாரையோ திட்டறா."

சேற்றைத் துப்பிவிட்டு எழுந்து நின்றாள். மூச்சு அடைத்துப்போயிருந்தது, வேறொன்றும் இல்லை. கடைசி வரை ஆடினாள். மூன்று புள்ளியில் தோற்றார்கள்.

அரங்கில் ஆயிரக்கணக்கான பேர் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள். எண்பது நிமிடமும் தாண்டி அவள் தன் காலில் நடந்து வெளியேறுவதைப் பார்த்த நெவில் எழுந்து நின்று அழுதுகொண்டே சிரித்தான். இரண்டு கையையும் தட்டிச் சிரித்தான். நாட்டு அணி தோற்ற களத்தில், எல்லார் கண் முன்னாலும். நான் கோட்டைப் பிடித்து இழுத்தேன். உட்காரவில்லை. ஷோனா திரும்பிப் பார்த்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் அவள் வந்தபோது கட்டிக்கொள்ளவில்லை. பையைக் கீழே வைத்தாள்.

"நீ சிரிச்சத பாத்தேன்."

"நீ நடந்து வந்தம்மா."

"என் மொத ஆட்டம்பா. மூணு புள்ளி. உள்ள பாதிப் பேரு அழுதிட்டிருக்காளுங்க. அந்தக் கடைசி ஸ்க்ரம்ல நான் கொஞ்சம் தம் புடிச்சிருந்தா ஜெயிச்சிருப்போம். எங்கப்பன் மட்டும் கை தட்டறான்."

நெவில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "உன் கழுத்துக்கு எதாவது ஆயிருந்தா..."

"என் கழுத்து என்னுது. நான் பாத்துக்கறேன், தினம் ரெண்டு மணி நேரம் அதுக்குத்தான் சாவறேன். எல்லாரும் ஜெயிக்கணும்னு நெனக்கறப்ப என் வீட்டுல ஒருத்தன் தோக்கணும்னு பாடிட்டிருந்தா நான் யாரோட பலத்துல தள்ளுவேன்? நாளைக்கு எனக்கு லீவு. அடுத்த சனி டனீடன். நாளைக்கு ஜெயிச்ச மாதிரி பாடு. முடியாதுன்னா இனிமே எனக்காகப் பாடாத. கோழிக்குப் பாடு."

ஞாயிறு மத்தியானம் நோலீன் ஹாலைத் திறந்தாள். தோற்றவளுக்குத் தேநீர் கொடுக்க ஊர் வந்தது. நெவில் எதைப் பாடப்போகிறான் என்பது எப்படியோ பரவியிருந்தது. அவன் கிட்டாரோடு மேடை ஏறியபோது நாற்காலிகள் நகரும் சத்தம். ஒருவர் பின் ஒருவராகத் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. "தப்பா நெனக்காத நெவ். கேக்காம இருந்துட்டா நல்லதுன்னு பாக்கறேன்" என்று பால்பண்ணைக்காரக் கிழவர் ஒருவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பாதி ஹால் வெளியே போய்த் தூறலில் நின்றது.

உள்ளே இருந்தவர்கள் முப்பது பேர் இருக்கும். நோலீன் போகத் திரும்பினவள், "டேப்பக் குடுத்தது நான்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஹெமி தம்பியின் நாற்காலியைத் தள்ளப் போனான். தம்பி, "நான் எங்கயும் வரல. பாடட்டும்" என்றான்.

முதல் இரண்டு வரியில் நெவிலுக்குத் தாளம் தப்பியது. நான் பேஸை அழுத்தி அடித்து அவனுக்கு வழி காட்டினேன்.

*டனீடன் மழயில நின்னா எம் பொண்ணு,*
*தள்ள வந்தவ எல்லாம் தின்னா மண்ணு,*

அங்கே நின்றுவிட்டான். அடுத்த வரி வரவில்லை. அவன் நெற்றியிலிருந்து வேர்வை கிட்டார்மேல் சொட்டியது. நான் அந்த இரண்டு வரியின் தாளத்தையே திரும்பத் திரும்ப வாசித்தேன், எட்டுத் தடவை இருக்கும். வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. ஷோனா முன்னால் கை கட்டி உட்கார்ந்திருந்தாள். தலையாட்டவில்லை, சிரிக்கவில்லை, உதவி எதுவும் செய்யவில்லை. காத்திருந்தாள்.

நெவில் கண்ணை மூடினான்.

*ஜெயிச்சுட்டா, எம் பொண்ணு ஜெயிச்சுட்டா.*

கூரை அதிர்ந்தது. வெளியே நின்றவர்களுக்குக் கேட்காமல் இருக்க வாய்ப்பே இல்லை. பாடி முடித்ததும் ஒலிபெருக்கிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். ரேவின் தண்ணீர் கொண்டு போனாள்.

அடுத்த சனிக்கிழமை டனீடனில் ஜெயித்தார்கள். ஷோனா முப்பது நிமிடம் ஆடினாள். கழுத்துக்கு ஒன்றுமில்லை, இடது காது கிழிந்து ஏழு தையல். அந்த ஏழு தையலும் தன் பாட்டால் வந்தது என்று நெவில் இன்றைக்கும் சங்கிலியில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறான். ஜெயித்தது எதனால் என்று கேட்டால், "அது அவ தள்ளினதுடா" என்பான்.